வெளுத்து வாங்கிய ஜூலை

மேக்கனிலிருந்து சவானாவுக்கு மூன்று மணி நேரம்.
ஓஸியின் காரில் ஏசி
போன கோடையிலேயே மூச்சை நிறுத்திவிட்டது.
கண்ணாடியை இறக்கினால் ஊர் அனல்,
ஏற்றினால் நாங்கள் நால்வரும் விடும் அனல்.
"பேசாமல் வேலைக்கே போயிருக்கலாம்" என்றாள் தியோடோரா.
ஆஸ்பத்திரி அடித்தளத்தில், நீராவிக்கு நடுவே
நாளொன்றுக்கு நாலாயிரம் பவுண்டு துணி பார்க்கிறோம்,
இந்த வெயில் என்ன பெரிய வெயில்.

பெரிய வெயில்தான்.
சதுக்கம் சதுக்கமாக நிறுத்தி
எங்களை வெளுத்து வாங்கியது.
ஓக் மரங்களில் தொங்கிய சாம்பல் பாசியை
எல்லோரும் படம் பிடித்தார்கள்.
மார்வா அண்ணாந்து பார்த்து,
"டிரையரின் பஞ்சுச் சல்லடையை
யாரோ சுத்தம் செய்யவே இல்லை" என்றாள்.

ஆற்றங்கரைக் கற்களில் ஓஸியின் செருப்பு வார் அறுந்தது.
கப்பல் கவிழாமலிருக்க ஏற்றிவந்த கற்களாம்.
கல்லை இறக்கிவிட்டுப்
பருத்தி ஏற்றிக்கொண்டு போனார்களாம்.
பறித்தது யாரென்று எழுதப்
பலகையில் இடம் போதவில்லை போலும்.

பதினெட்டு டாலர் கொடுத்து
ஒரு பருத்தித் தரகரின் மாளிகைக்குள் போனோம்.
உண்மையைச் சொன்னால், குளிர்ச்சிக்காக.
வழிகாட்டி வின்ஃபீல்ட், கல்லூரிப் பையன்,
கையில் குறிப்பு அட்டைகள், கழுத்தில் புள்ளி போட்ட வில்-டை.
வெள்ளிப் பாத்திரம் லண்டனிலிருந்து,
சரவிளக்கு பாரிஸிலிருந்து,
எஜமானர் உயிர்விட்டது இதே கட்டிலில்.
எங்கள் கண்கள் கட்டிலில் இல்லை, விரிப்பில்.
தியோடோரா கயிற்றைத் தாண்டிக் குனிந்தாள்.
"லினன். எட்டு கஜம் தேறும்."
"இதையெல்லாம் யார் துவைத்தது?"
கழிப்பறை எங்கே என்று விசாரிக்கும் குரலில்தான்
மார்வா கேட்டாள்.
அட்டைகளைப் புரட்டினான்.
காது மடல் சிவந்தது.
அடுத்த அறையில் பியானோ.

தெருவில் பீச் ஐஸ்கிரீம்
நக்குவதற்குள் மணிக்கட்டு வரை வழிந்தது.
அப்போது ஓடிவந்தான், டை ஒரு பக்கமாகத் திரும்பி.
"ஒரு இடம் இருக்கிறது.
சுற்றிக் காட்டுவதில்லை.
மடக்கு நாற்காலிகள் போட்டுவைக்கிறோம்."

கொல்லைப்புறச் செங்கல் கொட்டகை.
நாற்காலிகள், பழைய கிறிஸ்துமஸ் வளையம், எலி மருந்து.
எல்லாம் விலக்கினால் ஒரு கல்தொட்டி.
"பெயர் கிடைக்கவில்லை" என்றான்.
"கணக்கு ஏட்டில் எண்ணிக்கை மட்டும்தான்."

விளிம்பு வலப்பக்கம் இன்னும் கூர்.
இடப்பக்கம், உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி.
ஐஸ்கிரீமை என்னிடம் கொடுத்துவிட்டு
மார்வா தொட்டிமுன் நின்றாள்.
இல்லாத ஒரு விரிப்பை முறுக்கினாள்.
வரவில்லை.
கை மாற்றி முறுக்கினாள்.
முழங்கை போய்க் குழியில் உட்கார்ந்தது,
தனக்கென்று வெட்டிய மாதிரி.

"இடதுகைக்காரி" என்றாள்.

பையன் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினான்.
பேனா இல்லை. ஓஸி கொடுத்தாள்.
"என்னைவிடக் குள்ளம்.
நான் குனிய வேண்டியிருக்கிறது.
அதையும் எழுது."

ராத்திரி இறால் சாப்பிட்டோம், ஒருவருக்கு மூன்றுதான் வந்தது.
பேய் காட்டும் வண்டி ஒன்று
கறுப்புத் திரைகளோடு கடந்து போனது.
உள்ளே இருந்தவர்கள்
காசு கொடுத்து அலறினார்கள்.
மார்வா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,
பேப்பர் நாப்கினை
ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் விடுதி அறையைக் காலி செய்யும்போது
விரிப்புகளை உருவினோம்.
உறைகள் தனியே, துண்டுகள் தனியே.
லீவிலுமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
கறை பட்ட துண்டைத் தேட வேண்டாமென்று
எல்லாவற்றுக்கும் மேலே வைத்தோம்.
ஓஸியின் பேனா ஓஸியிடம் திரும்பவில்லை,
தியோடோராவின் கண்மையால்தான் எழுதினோம்:

பீச் கறை.
முதலில் பச்சைத் தண்ணீர்.